சிறைத் தோட்டத்துப் பாதை

கூழாங்கற்களில் ஒரு கைப்பிடியைத் தன் காலுறைக்குள் போட்டு, அதன் வாயை முறுக்கிப் பிடித்து, ஹெட் வார்டர் சுழற்றி அடித்த ஒரே அடியில் சூப்பரின்டென்டென்டின் மேஜைக் கண்ணாடி நாலாகப் பிளந்தது. மேலே இருந்த பேனா ஸ்டாண்டு ஜன்னல் வரைக்கும் பறந்துபோய் விழுந்தது.

“பாத்தீங்களா மேடம்? இது கண்ணாடி. மண்டையா இருந்தா இவ்வளவு சத்தம்கூட வராது.”

சூப்பரின்டென்டென்ட் அந்தச் சிறைக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. மடியில் விழுந்த கண்ணாடிச் சில்லைத் தட்டிவிட்டுக்கொண்டு, “ஒரு கால் வெறுங்காலா நிக்கிறீங்க. மொதல்ல அந்தக் காலுறையை மாட்டுங்க” என்றார்.

கதவோரத்தில் கைகட்டி நின்ற கைதிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். அவன் வெளியே இருந்தபோது கொத்தனார். உள்ளே வந்த பிறகு எல்லாருக்கும் அவன் கரண்டி. சாப்பாட்டுக் கரண்டி இல்லை, பூச்சுக் கரண்டி. பதினோரு வருஷம் முடிந்துவிட்டது. நன்னடத்தைக் கழிவெல்லாம் போக இன்னும் ஏழு மாதம் இருந்தால் வெளியே போகலாம்.

மேடத்துக்கு ஒரு ஆசை. ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கும் சமையல் கட்டுக்கும் நடுவில் வெடித்துக் கிடக்கிற முற்றத்தைத் தோட்டமாக்க வேண்டும். நோயாளிக் கைதிகள் நாள் முழுக்கப் படுத்தே கிடந்து முதுகெல்லாம் புண்ணாகிறது, கொஞ்சம் நடக்கவிடுங்கள் என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். நடக்க வேண்டுமானால் பாதை வேண்டும். பாதையை எதனால் போடுவது? அதற்காகத்தான் தரையில் மாதிரிகள் வரிசையாகக் கிடந்தன. கூழாங்கல் ஒரு சட்டி, சரளை ஒரு சட்டி, செங்கல் நாலு, கறுப்புப் பலகைக்கல் ஒன்று, வட்டவட்டமாக அறுத்த மரவில்லைகள்.

“உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்னு தெரியுமா?” என்று மேடம் கேட்டார்.

“கொத்தனாருங்கறதால மேடம்.”

“அது மட்டுமில்ல” என்றார் ஹெட் வார்டர், காலுறையை இழுத்து மாட்டியபடி. “ஒருத்தன் மண்டையை உடைச்சவன்ங்கறதாலயும்தான். எதை எடுத்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். சொல்லு.”

கரண்டி குந்தி உட்கார்ந்தான். இத்தனை வருஷத்தில் கல்லைத் தொடுவது அதுதான் முதல் தடவை. பலகைக்கல்லைத் தூக்கி விரல் முட்டியால் தட்டினான். நல்ல கல், மணி மாதிரிச் சத்தம். வெளியே என்றால் இதைத்தான் போடச் சொல்லியிருப்பான்.

“இது ஏடு ஏடாப் பிரியும் மேடம். ஒரு ஏடு கழண்டா போதும். சாணை பிடிக்கவே வேணாம், அப்படியே கத்தி. செங்கல்லை மணல்ல பதிச்சா, ஒண்ணைப் பிடுங்கினா மத்ததெல்லாம் கையோட வரும். மரவில்லை மழையில ஊறி வெடிக்கும். வெடிச்ச சிம்பைத் தரையில தேச்சுக் கூராக்க ஒரு ராத்திரி போதும். கூழாங்கல்லு, சரளை ரெண்டையும் பத்தி ஐயாவே காமிச்சுட்டாரு.”

“அப்ப சிமெண்ட்டுத் தளம்தானா?” மேடத்தின் முகம் வாடிவிட்டது. “அதுக்கு இப்ப இருக்கறதே போதுமே. வெயில்ல அதுமேல கால் வைக்க முடியுதா? அவங்கள்ல பாதிப் பேரு செருப்பே போட முடியாதவங்க.”

கரண்டி யோசித்தான். யோசிக்க யோசிக்க அவனுக்குள் எங்கேயோ துருப்பிடித்துக் கிடந்த ஒன்று அசைந்து கொடுத்தது.

“மண்ணுலயே போடலாம் மேடம். செம்மண் நாலு பங்கு, கல்தூள் ரெண்டு, சுண்ணாம்பு ஒண்ணு. தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு கையில உருண்டை பிடிச்சா நிக்கணும், கீழ போட்டா உடையணும். அந்தப் பதத்துல கொட்டி, திமிசுக்கட்டையால இடிச்சு இடிச்சுக் கெட்டிக்கணும். காய்ஞ்சா கல்லு மாதிரி. ஆனா பிடுங்க ஒண்ணும் இருக்காது. வெறுங்காலுக்கும் இதமா இருக்கும்.”

“ஓரம் உதிர்ந்து போகுமே” என்றார் ஹெட் வார்டர். ஆளுக்குக் கொஞ்சம் வேலை தெரியும் போல.

“ஓரத்துக்குச் செங்கல்லைக் குத்துக்கல்லா நடணும் ஐயா. முக்கால்வாசி காங்கிரீட்டுக்குள்ள போயிடும். யானையைக் கட்டி இழுத்தாலும் வராது.”

ஹெட் வார்டர் நம்பவில்லை. அவருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. ஆனால் மேடம் நோட்டில் எழுதிக்கொண்டுவிட்டார்.

முதலில் பத்தடி நீளத்துக்கு மூன்று மாதிரிப் பட்டைகள் போட்டார்கள். சிமெண்ட் ஒன்று, செங்கல்லைச் சிமெண்டில் பதித்தது ஒன்று, இடித்த மண் ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு பேரைக் கூட்டிவந்து வெறுங்காலோடு நடக்கவிட்டார்கள். ஆறு பேரில் அதிகம் பேசியவர் தபால்காரர். முன்காலத்தில் நிஜமாகவே தபால்காரர். வேலித் தகராறில் பக்கத்து வீட்டைக் கொளுத்தி, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் செத்துப்போனதற்காக வந்தவர். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடுவது ஓட்டை பலூன் மாதிரிக் கேட்கும்.

“சிமெண்ட்டு சுடுது. செங்கல்லு குத்துது. இந்த மண்ணு பரவாயில்ல” என்றார். “ஆனா ரெண்டு மழைக்குச் சேறாகும். இப்பவே எழுதி வெச்சுக்குங்க.”

“ஆகாது சார்” என்றான் கரண்டி.

“தரையைப் பத்தி எனக்குச் சொல்லாதப்பா. இருபத்தாறு வருஷம் நடந்தே தபால் குடுத்தவன். நீ நடந்ததைவிட நான் நின்னது அதிகம்.”

இந்தக் கிழத்தை யாருக்குமே பிடிக்காது. கரண்டிக்கும் அன்றைக்குப் பிடிக்காமல் போயிற்று. ஆனாலும் மண் பாதைதான் என்று முடிவானது.

வேலை ஆரம்பித்த எட்டாம் நாள் அவனைச் சலவைக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். போர்வை எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத்தான் போனான். உள்ளே நீராவி முகத்தில் அடித்தது. கதவு பின்னால் சாத்திக்கொண்டது. துணி மூட்டை மேல் பாய்லர் உட்கார்ந்திருந்தான்.

பாய்லர் சமையல் கட்டின் ராஜா. உருண்டு திரண்ட உடம்பு, எப்போதும் வேர்த்துக்கொண்டே இருக்கும். அவன் யாரையும் அடித்து கரண்டி பார்த்ததில்லை. அடிக்க அவனிடம் ஆள் இருந்தது. அவனுக்கும் தபால்காரருக்கும் உள்ள கணக்கு சிறை முழுக்கத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சமையல் கட்டில் ஒருவனைக் குத்திக் கொன்றார்கள். பார்த்த ஐம்பது பேரும் பார்க்கவில்லை என்றார்கள். தபால்காரர் மட்டும் பாய்லருடைய தம்பியைக் கைநீட்டிக் காட்டினார். தம்பியை வேறு சிறைக்கு மாற்றினார்கள். அங்கே போய்ச் சேர்ந்த எட்டாம் நாளே, அந்தச் சிறையில் இருந்த, செத்தவனின் கூட்டாளிகள் அவனைக் கழிவறைக்குள் தள்ளிக் கதையை முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து தபால்காரரை ஆஸ்பத்திரிக் கட்டடத்தை விட்டு வெளியே விடுவதில்லை.

“உக்காருங்கண்ணே” என்றான் பாய்லர். குரலில் அப்படி ஒரு மரியாதை. “தோட்ட வேலை எப்படிப் போகுது?”

“போகுது.”

“கெழவன் அங்கதான் நடக்க வருவான். காலையில நான் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டு அந்த வழியாத்தான் போவேன். ஆனா என்னைச் சோதனை போட்டுத்தான் உள்ள விடுவாங்க. ஒரு ஊசிகூடக் கொண்டுபோக முடியாது. அதனால வேண்டியது அங்கயே இருக்கணும். புரியுதாண்ணே? ஓரத்துல செங்கல் நடுறீங்கல்ல, தண்ணிக் குழாய்க்கு எதிர்ல ஒண்ணை மட்டும் ஒட்டாம நடுங்க.”

“எனக்கு ஏழு மாசம்தான் பாக்கி இருக்குப்பா. என்னை விட்டுடு.”

“விடத்தான் போறேன். ஒரே ஒரு செங்கல்லுண்ணே. மலையையா பேத்தெடுக்கச் சொன்னேன்?”

“முடியாது.”

பாய்லர் வருத்தப்பட்டது போலத்தான் தெரிந்தது. தலையை லேசாக அசைத்தான். மூன்று பேர் வந்து கரண்டியை அமுக்கிப் பிடித்தார்கள். ஒருவன் அவன் வாயில் ஈரத் துண்டைத் திணித்தான். வலது கையை இழுத்துக்கொண்டு போய்க் கதவுக் கீலுக்குள் வைத்தபோது பாய்லர் எழுந்து வந்தான்.

“டேய், மடையா, அது வேலை செய்யற கை. இதை வை.”

இடது கையை மாற்றி வைத்தார்கள். கதவை மூடினார்கள். எலும்பு உடைகிற சத்தம் கரண்டிக்குக் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும். வாந்தி வந்து, வாயில் துண்டு இருந்ததால் வெளியே வர வழியில்லாமல் மூக்கால் வந்தது. துண்டை எடுத்தார்கள். அவன் தரையில் முழங்காலில் விழுந்தான்.

“கட்டை விரலு இன்னும் இருக்கு” என்றான் பாய்லர். “உங்க மக வருஷத்துக்கு ரெண்டு தடவை பாக்க வருதில்ல? ரயில்ல வந்து, அப்பறம் மூணாம் நம்பர் பஸ். ஜன்னல் சீட்டுதான் பிடிக்கும்.”

கரண்டி நிமிர்ந்து பார்த்தான். விரலுக்கு அழாதவன் அதற்கு அழுதான்.

“ஒட்டாம நடறேன்.”

“நல்லதுண்ணே” என்று சொல்லி அவனைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான் பாய்லர். உடையாத கையை.

திமிசுக்கட்டை கையில் விழுந்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னான். டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், இரண்டு விரலையும் சேர்த்து வைத்துக் கட்டினார். ஹெட் வார்டரிடம் போய்ச் சொல்லலாமே என்று கேட்கலாம். காட்டிக்கொடுத்தவர்களுக்கு என்ன நடக்கும் என்பதற்குத் தபால்காரரே சாட்சி. அவருக்காவது ஆஸ்பத்திரிக் கட்டடம் இருந்தது. கரண்டியின் மகளுக்கு என்ன இருக்கிறது? ஒரு பஸ் ஜன்னல்.

மறுநாள் தண்ணிக் குழாய்க்கு எதிரே ஒரு செங்கல்லை வெறும் மணலில் நட்டு, மேலே மட்டும் சிமெண்டுப் பாலைத் தடவிவிட்டான். பார்த்தால் மற்றதற்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. ஹெட் வார்டர் ஒவ்வொரு செங்கல்லாகக் காலால் உதைத்துக்கொண்டே வந்தார். அந்த இடத்துக்கு வரும்போது யாரோ கூப்பிட்டார்கள், திரும்பினார், இரண்டு கல்லை விட்டுவிட்டு அடுத்ததை உதைத்தார். கரண்டிக்கு உயிர் போய் வந்தது.

அப்புறம் வேலை வேகமாக ஓடியது. மண்ணைக் கொட்டினார்கள், மட்டப்பலகை வைத்து இழுத்தார்கள், இடித்தார்கள். திமிசு விழுகிற ஒவ்வொரு தடவையும் இடது கை தோள்வரைக்கும் விண்ணென்று தெறித்தது. பாதை ஆஸ்பத்திரி வாசலில் கிளம்பி, வளைந்து, முற்றத்தைச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. ரத்தச் சிவப்பாக இருந்தது, காயக் காய இளஞ்சிவப்பானது. வார்டர்கள்கூட வேலை இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் ஒரு நடை நடந்து பார்த்தார்கள்.

கரண்டியின் கண் மட்டும் எந்த நேரமும் அந்தச் செங்கல்லிலேயே இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தில் அவனும் அவன் மச்சானும் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். தண்ணீர் வடிய எந்தப் பக்கம் சாய்வு வைப்பது என்று ஆரம்பித்த பேச்சு கல்லை விட்டு இறங்கி வீட்டுக்குள் போயிற்று. “உனக்குக் கல்லும் தெரியல, என் தங்கச்சியை வெச்சுக் குடும்பம் பண்ணவும் தெரியல” என்றான் மச்சான். கரண்டியின் கையில் சுத்தியல் இருந்தது. மூன்று அடி. இரண்டாவது அடியிலேயே ஆள் போய்விட்டான். மூன்றாவது எதற்கு என்று நீதிபதி கேட்டார். கரண்டியிடம் பதில் இல்லை, ஏனென்றால் உண்மையான பதில் வெளியே சொல்லக்கூடியதாக இல்லை. மூன்றாவது அடி அவனுக்குச் சுகமாக இருந்தது.

தபால்காரர் மேல் அவனுக்கு இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். அவர் தினமும் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, “அங்க கோணல், இங்க பள்ளம்” என்று குறை சொல்லிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் திறப்பதற்கு நான்கு நாள் இருக்கும்போது மழை தூறியது. ஓரத்துச் செங்கற்கள் எல்லாம் தண்ணீரைத் தள்ளிவிட்டன. அந்த ஒரு கல்லின் பக்கத்தில் மட்டும் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. ஒரு மழைக்காலம் போதும், அந்த இடத்தில் ஓரம் விட்டுப்போகும், பாதை பிளக்கும். கெழவன் சொன்னது சரியாகிவிடும்.

‘இதை இப்படி விட்டுட்டுப் போனா நான் என்ன கொத்தன்?’ என்று நினைத்தான். மனசுக்குள் வேறு காரணமும் இருந்திருக்கும். அவன் தனக்குச் சொல்லிக்கொண்டது இதைத்தான்.

மறுநாள் காலை எல்லார் கண்ணெதிரிலும், பூச்சு வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்தக் கல்லைப் பிடுங்கி, மணலைத் தோண்டி எறிந்து, காங்கிரீட்டைக் குழைத்துக் குழியில் கொட்டி, கல்லை நட்டு, கரண்டிப் பிடியால் நாலு தட்டுத் தட்டினான். உடைந்த விரல்கள் கட்டுக்குள் வீங்கித் துடித்தன. மகள் ஞாபகம் வந்தது. ஆனாலும் கல்லை நேராகத்தான் நட்டான்.

அன்று மத்தியானமே மகளுக்கு ஒரு கடிதம் எழுதினான். இனிமேல் வர வேண்டாம், பஸ்ஸில் எங்கேயும் தனியாகப் போக வேண்டாம், கொஞ்ச நாள் அம்மாவோடு வேறு எங்கேயாவது போய் இருங்கள் என்று. காரணம் எழுதவில்லை.

திறப்பு விழா என்று ஒன்றும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்து ஒவ்வொருவராக வெளியே விட்டார்கள், அவ்வளவுதான். மேடம் ஒரு ஓரத்தில் நின்றார். கரண்டி செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். மண்வெட்டி, திமிசு எல்லாவற்றையும் முந்தின நாளே பூட்டி வைத்துவிட்டார்கள். தபால்காரர் வெறுங்காலோடு இறங்கி, நாலு எட்டு நடந்து நின்று மூச்சு வாங்கினார். முகத்தில் ஒரு மாதிரி திருப்தி. அதை மறைக்க, “கொஞ்சம் சொரசொரப்பு” என்றார்.

அப்போது சமையல் கட்டுக் கதவு திறந்தது. பாய்லர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். சோதனை போட்டார்கள். கையைத் தூக்கிக் காட்டினான். சிரித்துக்கொண்டே வந்தான். தண்ணிக் குழாய்க்கு எதிரே வந்ததும் செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தான். இரண்டு கையாலும் செங்கல்லைப் பிடித்து இழுத்தான்.

வரவில்லை.

மறுபடியும் இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. நகம் பிய்ந்து செங்கல் மேல் ரத்தம் பட்டது. பக்கத்துக் கல்லை இழுத்தான். அதுவும் வரவில்லை. அப்புறம் மெல்லத் தலையைத் தூக்கிக் கரண்டியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் முதலில் கோபம்கூட இல்லை, ஏமாந்த குழந்தையின் பார்வைதான் இருந்தது.

அடுத்த நொடி அவன் எழுந்து ஓடினான், தபால்காரரை நோக்கி. அந்த உடம்புக்கு அப்படி ஒரு வேகம் இருக்கும் என்று யாருமே நினைத்திருக்க மாட்டார்கள். கிழவரை மோதித் தள்ளி, மேலே விழுந்து, இரண்டு கட்டை விரலையும் தொண்டைக்குள் அழுத்தினான். “என் தம்பி... என் தம்பி...” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான். தபால்காரரின் கால்கள் மண்ணில் உதறின. வார்டர்கள் இருந்தது இரண்டு பேர், இருவரும் முற்றத்தின் மறுமுனையில்.

கரண்டி குழாயைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். பாய்லரின் கழுத்தை முழங்கையால் வளைத்துப் பின்னால் இழுத்தான். பாய்லர் தலையைப் பின்னுக்கு உதறிய உதறலில் கரண்டியின் மூக்கு நொறுங்கியது. ரத்தம் சூடாக வாய்க்குள் இறங்கியது. பாய்லர் திரும்பி, அவன் தலைமுடியைப் பற்றி, முகத்தைப் பாதையில் வைத்து மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. பாதை அசைந்து கொடுக்கவில்லை. நன்றாக இடித்த பாதை. கரண்டியின் முன்பல் ஒன்று அதன் மேல் கிடந்தது.

“உன் மகளை...” என்று ஆரம்பித்தான் பாய்லர்.

அதை அவன் முடிக்கவில்லை. கரண்டி கட்டுப் போட்ட கையாலேயே அவன் கண்ணில் குத்தினான். வலி யாருக்கு அதிகம் என்று சொல்ல முடியாது, இருவரும் கத்தினார்கள். பாய்லர் மல்லாந்து சாய்ந்தான். அவன் இடது கால் ஓரத்துச் செங்கல் மேல் நீட்டிக் கிடந்தது, கணுக்கால் கல்லின் மேலும் பாதம் அந்தரத்திலுமாக. கரண்டி எழுந்து நின்றான். பார்த்தான். குதிகாலைத் தூக்கி அந்தக் கணுக்கால் மேல் முழு பாரத்தோடும் இறக்கினான்.

காய்ந்த விறகு முறிகிற சத்தம். பாய்லரின் அலறலில் சமையல் கட்டுக்குள் பாத்திரம் விழுந்தது.

இரண்டாவது தடவை மிதித்தபோது பாதம் திரும்பிக்கொண்டது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது, வெள்ளையாக. அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது. பாய்லரால் இனி யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. தபால்காரர் பக்கத்தில் உருண்டு இருமிக்கொண்டிருந்தார். கரண்டிக்கு அது தெரிந்தது. தெரிந்தேதான் மூன்றாவது தடவையும் காலைத் தூக்கினான். உடம்பு முழுக்க ஒரு வெதுவெதுப்பு பரவியது. அது எதுவென்று அவனுக்கு உடனே அடையாளம் தெரிந்தது, பதினோரு வருஷம் பார்க்காத ஆளைக் கூட்டத்தில் அடையாளம் தெரிவது போல.

காலை இறக்கினான்.

அதற்குள் ஓடிவந்த ஹெட் வார்டரின் தடி அவன் முதுகில் விழுந்தது. அப்புறம் தோளில், அப்புறம் காதில். விழுந்த பிறகும் விழுந்துகொண்டே இருந்தது. மேடம் “போதும்! போதும்!” என்று கத்துவது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலக் கேட்டது.

விசாரணை நடந்தது. அந்தச் செங்கல்லைப் பற்றிப் பாய்லர் வாயே திறக்கவில்லை. கரண்டியும் திறக்கவில்லை. ஒரு கிழவரைக் காப்பாற்றப் போனான் என்று மேடம் எழுதிப் பார்த்தார். “மொத மிதி காப்பாத்த, சரி. ரெண்டாவதும் சரின்னே வெச்சுக்கலாம். மூணாவது?” என்று கேட்டார். அதே கேள்வியைக் கேட்ட இரண்டாவது ஆள் அவர். இந்தத் தடவை கரண்டி பதில் சொன்னான்.

“அது எனக்காக மேடம்.”

மேடம் பேனாவைத் திறந்து எழுதினார். ஏழு மாதம் என்பது இரண்டு வருஷமும் ஏழு மாதமும் ஆயிற்று. முதல் நாலு மாதம் தனிச்செல். பாய்லரின் ஆட்கள் மூன்று பேரையும் மூன்று வேறு சிறைகளுக்கு அனுப்பினார்கள். பாய்லருக்கும் தண்டனை கூடியது, கால் ஒட்டும்வரை அவனை வெளியே அரசாங்க ஆஸ்பத்திரியில் காவலோடு வைத்திருந்தார்கள். கரண்டியின் மகளிடமிருந்து ஒரு பதில் வந்தது. அம்மாவோடு வடக்கே போய்விட்டதாகவும், அம்மா முதல் தடவையாக அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதாகவும் எழுதியிருந்தாள். என்ன வார்த்தை என்று எழுதவில்லை.

தபால்காரர் நன்றி சொல்லவில்லை. கழுத்து வலிக்கிறது, நோயாளிகள் நடக்கிற இடத்தில் ரத்தக்கறையைச் சரியாகக் கழுவவில்லை என்று ஒரு மனு எழுதிக் கொடுத்தார். மனு விசாரணைக்கு வருவதற்குள், மூன்றாவது மாதம், ஒரு பிற்பகலில் மூச்சுத் திணறிப் படுக்கையிலேயே செத்துப்போனார். கடைசி நாள்வரைக்கும் தினமும் காலையில் ஆறு சுற்று நடந்தார் என்று வார்டர் சொன்னார்.

கரண்டியின் தனிச்செல் ஜன்னல் தோட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. உயரமான சின்ன ஜன்னல். படுக்கைப் பலகை மேல் ஏறி நின்றால் பாதையின் ஒரு வளைவு மட்டும் தெரியும். ஒரு நாள் காலை அந்த வளைவில் டக் டக்கென்று கட்டையை ஊன்றிக்கொண்டு ஒருவன் வந்தான். பாய்லர். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. கால் ஒட்டிவிட்டது, ஆனால் பாதம் உள்ளுக்குத் திரும்பியே நின்றது. தினமும் இருபது சுற்று நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

பாய்லர் நின்றான். தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தான். கரண்டி கீழே இறங்கிவிடலாமா என்று நினைத்தான். இறங்கவில்லை.

“கெழவன் செத்துட்டான்” என்றான் பாய்லர்.

“கேள்விப்பட்டேன்.”

“படுக்கையில செத்தான். தலைமாட்டுல தண்ணிச் சொம்பு, பக்கத்துல டாக்டரு. என் தம்பிக்கு அது கெடைக்கல.”

“உன் தம்பி பேரு என்ன?” என்று கேட்டான் கரண்டி. இத்தனை நாளில் அதை யாரும் கேட்டதாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

பாய்லர் சொன்னான். சொல்லிவிட்டு மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். நாலு எட்டு நடந்தான். மறுபடி நின்றான்.

“இங்க ஒரு குழி விழுந்திருக்குண்ணே. கட்டை மாட்டுது. தெனமும் விழப் பாக்கறேன்.”

“எங்க?”

“இங்கதான். வளைவுல.”

“எவ்வளவு ஆழம்?”

“எனக்கென்ன தெரியும்?”

“விரலை விட்டுப் பாரு. ரெண்டு அங்குலத்துக்கு மேல இருந்தா மேலாக்கப் பூசினா நிக்காது. சுத்தி வெட்டித்தான் போடணும்.”

பாய்லர் கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்து, நல்ல காலை மடக்கி, திரும்பிய காலை ஒரு பக்கமாக நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தான். விரலைக் குழிக்குள் விட்டான்.

“ஒண்ணரை இருக்கும்” என்றான்.